பிரிட்டிஷ் முடியாட்சி: யாருக்கு மதப் பிரச்சினை, யாருக்குத் தேசப் பிரச்சினை?

பொன்னி (பெல்ஃபாஸ்ட்)

2025 அக்டோபர் 23 அன்று சார்லஸ் மன்னர் வாத்திக்கானில், சிஸ்டைன் சிற்றாலயத்தில், போப் பதினான்காம் லியோவோடு சேர்ந்து ஜெபித்தார். எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்துக்கொண்ட பிறகு ஓர் ஆங்கிலேய அரசர் போப்போடு பொதுவில் ஜெபித்தது அதுதான் முதல் முறை. லண்டனில் இருக்கும் என் தோழிக்கு அது ஒரு நல்ல செய்திப்படம், அவ்வளவுதான். இங்கே வட அயர்லாந்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், வீட்டு வாசலில் ராஜா படமும் யூனியன் ஜாக்கும் வைத்திருப்பவர், அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இன்னொருவரோ, "போப்பைப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, எனக்கு அவர் ராஜா இல்லை" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

ராஜாவை நேசிப்பவருக்குக் கோபம். வேண்டாம் என்பவருக்கு அக்கறையே இல்லை. இதில் மதம் எவ்வளவு, தேசம் எவ்வளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இதுதான்: அரியணையில் கத்தோலிக்கர் உட்கார முடியாது, கத்தோலிக்கரை மணந்தவரும் உட்கார முடியாது. 1714இல் ஆன் ராணி இறந்தபோது ரத்த உறவில் நெருக்கமான ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தள்ளிவிட்டு, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜைக் கூட்டி வந்தார்கள். காரணம், தள்ளப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள்.

இதைப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கென்ட் இளவரசர் மைக்கேல் 1978இல் ஒரு கத்தோலிக்கரை மணந்ததால் வாரிசு வரிசையில் தன் இடத்தை இழந்தார். 2013இல் சட்டத்தைத் திருத்தி, அது 2015இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. திருத்தம் திருமணத் தடையை மட்டுமே நீக்கியது. அரசர் தாமே கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்பது இன்றும் அப்படியே இருக்கிறது. இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கலாமா என்றால் அதுவும் முடியாது, இங்கிலாந்துத் திருச்சபையின் ஐக்கியத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் பெயர் சொல்லி விலக்கப்பட்ட மதப்பிரிவு கத்தோலிக்கம் ஒன்றுதான்.

ஆக, போப்போடு ஜெபிக்கலாம், போப்பின் சபையில் சேரக் கூடாது. பொன்னி அவர்களின் சக ஊழியருக்கு இந்தக் கோடு மங்குவதாகத் தோன்றியிருக்கும்.

செம்மண் (சிவகங்கை)

ஐயா, இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? ராஜா குடும்பம் இன்று ஒரு சுற்றுலாப் பொருள், பத்திரிகைத் தீனி. மதம் என்பது மேலே போட்ட பொன்னாடை. உள்ளே இருப்பது சொத்தும் வர்க்கமும்.

கிளாஸ்கோ குமரன்

செம்மண் அண்ணே, இங்கிலாந்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. வடக்கே வாருங்கள்.

இங்கிலாந்துத் திருச்சபைக்குப் போல ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு ராஜா தலைவர் கிடையாது. அது பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவுச் சபை, பிஷப்புகளும் இல்லை. 1596இல் ஆண்ட்ரூ மெல்வில் என்ற இறையியலாளர் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டில் இரண்டு ராஜாக்கள், இரண்டு ராஜ்யங்கள் இருக்கின்றன, கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீ தலைவனல்ல, வெறும் உறுப்பினன் என்று நேருக்கு நேராகச் சொன்னார். ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ், ஆங்கிலேய பாணி ஜெபப் புத்தகத்தை 1637இல் இங்கே திணிக்கப் பார்த்தார். எடின்பரோவில் கலவரம். அடுத்த ஆண்டு தங்கள் சபையைக் காக்கத் தேசிய உடன்படிக்கை எழுதி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அங்கே பற்றிய தீ 1649இல் அவர் தலை உருண்ட பிறகும் அணையவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. ஆங்கிலேயர்கள் ராஜாவை வெட்டியது ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. மகன் இரண்டாம் சார்லஸைக் கூப்பிட்டு 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோனில் முடிசூட்டினார்கள். ஆனால் அதற்கு முன் அவரை அந்த உடன்படிக்கைக்குச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ராஜா வேண்டும், எங்கள் நிபந்தனையோடு வேண்டும்.

இன்றைக்கும் புது அரசர் பதவியேற்றதும் முதல் வேலையாக ஸ்காட்லாந்துத் திருச்சபையைக் காப்பேன் என்று பிரமாணம் எடுக்க வேண்டும். 2022 செப்டம்பர் 10 அன்று சார்லஸ் அதைச் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

தேசம் என்பது இங்கே வேறு வழியாக வரும். 1950களில் எடின்பரோவின் இஞ்ச் பகுதியில் புது அஞ்சல் பெட்டி ஒன்றில் இரண்டாம் எலிசபெத் என்று பொறித்தார்கள். ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத் என்று ஒருவர் இருந்ததே இல்லையே, பிறகு எப்படி இரண்டாம்? 1953 பிப்ரவரியில் அந்தப் பெட்டியை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அப்புறம் இங்கே புதுப் பெட்டிகளில் ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், தனிநாடு கேட்கும் எஸ்என்பி கட்சியின் ஸ்காட்லாந்து அரசே 2013இல் வெளியிட்ட திட்டத்தில் ராணி அரசுத் தலைவராகத் தொடர்வார் என்றுதான் எழுதியது. பெயரில் எண் இருப்பது பிடிக்காது, ஆள் இருப்பதில் பிரச்சினை இல்லை.

பொன்னி (பெல்ஃபாஸ்ட்)

கால்பந்து பற்றியும் சொல்லுங்கள் குமரன். இங்கேயும் பாதிப் பேர் உங்கள் ஊர் அணிகளின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

கிளாஸ்கோ குமரன்

அது அயர்லாந்துச் சண்டை கடல் தாண்டி வந்தது. ராணி இறந்த வாரம், 2022 செப்டம்பர் 14 அன்று, தேசிய கீதம் வேண்டாம் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் சொல்லியும் புராட்டஸ்டண்ட்களின் அணியான ரேஞ்சர்ஸ் தன் மைதானத்தில் பாடியே தீர்த்தது. அதே நாளில் போலந்தில் ஆடிய, ஐரிஷ் கத்தோலிக்கர்களின் அணியான செல்டிக்கின் ரசிகர்கள் முடியாட்சியைத் திட்டிப் பதாகை பிடித்தார்கள். பதாகையில் இருந்ததை இங்கே எழுத முடியாது. ஒரே ஊர், ஒரே மொழி. மாமன் மச்சானாகக்கூட இருப்பார்கள்.

லகன்கரை (பெல்ஃபாஸ்ட்)

பொன்னி, இந்த ஊரில் நான் நெடுநாளாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இங்கே 'லாயலிஸ்ட்' (அரச விசுவாசி) என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் ராஜாவுக்குக் கண்மூடித்தனமான பக்தர் அல்ல. 1795இல் ஆர்மா மாவட்டத்தில் ஆரஞ்சு என்ற புராட்டஸ்டண்ட் சங்கம் தொடங்கியபோது உறுப்பினர்கள் எடுத்த உறுதிமொழியில் ஒரு கொக்கி இருந்தது: அரசரும் அவர் வாரிசுகளும் புராட்டஸ்டண்ட் மேலாண்மையைக் காக்கும்வரை அவர்களுக்குத் துணை நிற்போம். வாடகை ஒப்பந்தம் மாதிரி. அவர் பங்கை அவர் செய்தால் என் பங்கை நான் செய்வேன்.

அந்தக் கொக்கி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1912 சாட்சி. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர லண்டன் அரசு மசோதா கொண்டு வந்தது. செப்டம்பர் 28 அன்று அதை எதிர்த்து அல்ஸ்டர் (அயர்லாந்தின் வட மாகாணம்) உடன்படிக்கையில் ஆண்களும், அதற்கு இணையான பிரகடனத்தில் பெண்களுமாக நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதில் ஐந்தாம் ஜார்ஜின் விசுவாசமுள்ள குடிமக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு, அதே மூச்சில், தன்னாட்சியை முறியடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாளுவோம் என்றும் எழுதினார்கள். 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் சுமார் 25,000 துப்பாக்கிகளைக் கள்ளத்தனமாக இறக்கினார்கள். யாருக்கு எதிராக? ராஜாவின் அமைச்சர்கள் கொண்டுவந்த, ராஜா கையெழுத்திடப் போகிற சட்டத்துக்கு எதிராக! உங்கள் சக ஊழியர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது அந்தக் குடும்பப் பழக்கம்தான்.

இதிலிருந்து "புராட்டஸ்டண்ட் என்றால் ராஜா பக்கம்" என்று முடிவு கட்டினால் 1798 குறுக்கே வந்து நிற்கும். 1791இல் இதே பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்மென் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன்கள். பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடிய குடியரசுவாதிகள். 1704 முதல் அரசுப் பதவிகளுக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) முறைப்படி நற்கருணை எடுத்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களையும் நெடுங்காலம் வெளியே நிறுத்தியிருந்தது. அந்த வடு அவர்களுக்கு இருந்தது. 1798 கிளர்ச்சி தோற்று, ஹென்றி ஜாய் மெக்கிராக்கனை ஜூலை 17 அன்று இந்த ஊர்ச் சந்தைத் தெருவில் தூக்கிலிட்டார்கள். இன்று அவ்வழியே போகிறவர்கள் கையில் கடைப் பைகளோடு போகிறார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் ராஜா பக்கம் போய்விட்டார்கள். பைபிள் மாறவில்லை, சபையும் மாறவில்லை. லினன் ஆலைகளும் கப்பல் தளங்களும் வந்து, பிரிட்டனோடு இருந்தால் வாழ்வு என்றானது. அப்புறம், டப்ளினில் பாராளுமன்றம் வந்தால் அதில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை என்ற அச்சம்.

செம்மண் (சிவகங்கை)

நான் சொன்னதும் இதுதானே! இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரஸ்பிட்டேரியன் போதகர்களுக்கு அரச மானியம் என்று ஒன்று இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்தே உண்டு. கிளர்ச்சி முடிந்து 1803இல் அதை உயர்த்தினார்கள். சம்பளம் ஏறியது, விசுவாசமும் ஏறியது.

லகன்கரை (பெல்ஃபாஸ்ட்)

மானியம் உண்மை. ஆனால் போதகர் சம்பளத்துக்காக ஒரு நெசவாளி மனம் மாறுவானா என்பது தனிக் கேள்வி. வர்க்கம் மட்டுமே காரணம் என்றால் பெல்ஃபாஸ்ட் கப்பல் தளத்துப் புராட்டஸ்டண்ட் தொழிலாளியும் கத்தோலிக்கத் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 1920இல் கத்தோலிக்கர்களைத் தளத்தைவிட்டே விரட்டினார்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

கத்தோலிக்கப் பக்கமும் நேர்கோடு அல்ல. 1821இல் நான்காம் ஜார்ஜ் டப்ளினுக்கு வந்தபோது கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் அவருக்கு வாகைக் கிரீடம் கொடுத்து வழியனுப்பினார். ஓ'கானல் கேட்டது கத்தோலிக்கர்களுக்கு உரிமையும் டப்ளினில் ஒரு பாராளுமன்றமும். ராஜா அதே ராஜாவாக இருக்கட்டும் என்பதுதான் அவர் நிலை. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1801இல், பிரதமர் பிட் கத்தோலிக்கர்களைப் பாராளுமன்றத்தில் அனுமதிக்க முயன்றார். மூன்றாம் ஜார்ஜ் ஒரே பிடிவாதம்: புராட்டஸ்டண்ட் மதத்தைக் காப்பேன் என்று முடிசூட்டு விழாவில் சத்தியம் செய்திருக்கிறேன், அதை மீற மாட்டேன். பிட் ராஜினாமா செய்தார். அனுமதி 1829இல்தான் வந்தது. அந்த 28 ஆண்டுகளின் கசப்பு என்ன செய்தது என்பதை அளக்க வழியில்லை, ஆனால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1922இல் எல்லாம் தலைகீழ். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தப்படி (வடபகுதி நீங்கலான) சுதந்திர அயர்லாந்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஐந்தாம் ஜார்ஜுக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி எடுக்க வேண்டும். ஜனவரி 7 அன்று 64க்கு 57 என்ற கணக்கில் ஒப்பந்தம் தேறியது. அதை ஏற்காதவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள், உள்நாட்டுப் போர் வந்தது. அக்டோபரில் கத்தோலிக்க பிஷப்புகள் யாரைக் கண்டித்தார்கள் தெரியுமா? புராட்டஸ்டண்ட் ராஜாவுக்கு உறுதிமொழி கூடாது என்று போராடியவர்களை! அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கிடையாது என்றார்கள். மதமும் தேசமும் ஒன்றே என்று பேசுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

வல்லைவெளி (டொராண்டோ)

அரசலாறு அண்ணை மூன்றாம் ஜார்ஜைச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். கத்தோலிக்கருக்கு உரிமை கொடுத்தால் என் சத்தியம் கெட்டுவிடும் என்ற அதே ராஜாவின் பெயரில்தான் 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. (அப்போது அவர் மனநிலை குன்றி, மகன் பதிலாள் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார்.) அதன் ஐந்தாம் பிரிவில், கண்டி மக்களின் பௌத்த மதம் மீற முடியாதது, அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் காக்கப்படும் என்று உறுதி கொடுத்தார்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு இல்லாத பாதுகாப்பு கண்டிப் பௌத்தருக்கு! எங்கள் தமிழ் பேசிய நாயக்கர் அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு நாடு கடத்தியதும் இதே வேலையின் மறுபாதி.

இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் விடவில்லை. கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டுக்குக் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் கேட்டுக்கேட்டு, 1840களில் அரசு அந்தப் பொறுப்பிலிருந்து கையைக் கழுவத் தொடங்கியது. பௌத்தத் தரப்பில் அது வாக்குத் தவறிய கணக்காகவே நின்றது. 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானபோது அந்த அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்ததை இதோடு சேர்த்து யோசியுங்கள். ராணியும் போனார், அதோடு பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவுக் காப்பும் போயிற்று. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராணி காலத்தை நல்ல காலம் என்று பேசியதில் ராணியைவிட அந்தப் பிரிவுக்குத்தான் பங்கு அதிகம்.

தரங்கை தாசன் (தரங்கம்பாடி)

வேதத்திலேயே இரண்டும் இருக்கிறது. ரோமர் 13 அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. 1 சாமுவேல் 8இல் ராஜா வேண்டும் என்று கேட்டவர்களைக் கடவுளே எச்சரிக்கிறார். முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பியூரிட்டன்களும் (தீவிரப் புராட்டஸ்டண்ட்கள்) பைபிள் கையில் வைத்திருந்தவர்கள்தான். வெட்டுண்டவரைத் தியாகி என்று சொல்லி ஆங்கிலிக்கன் சபை ஜனவரி 30க்குத் தனி ஆராதனையே வைத்திருந்தது, 1859இல்தான் எடுத்தார்கள்.

1689இல் இன்னும் விசித்திரம். கத்தோலிக்க ராஜா இரண்டாம் ஜேம்ஸைத் துரத்திவிட்டுப் புராட்டஸ்டண்ட் வில்லியமைக் கொண்டு வந்தபோது, கேன்டர்பரி பேராயர் சேன்கிராஃப்ட் உட்படச் சில பிஷப்புகளும் சுமார் 400 குருமாரும் புது ராஜாவுக்குச் சத்தியம் செய்ய மறுத்தார்கள். ஜேம்ஸின் மதம் அவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் ஒருமுறை செய்த சத்தியம் சத்தியம்தான் என்று பதவியை விட்டார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்த ராஜாவுக்கும் சத்தியம் செய்ய மாட்டார்கள், தொப்பியையும் எடுக்க மாட்டார்கள். யூதர்கள், போன ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்ற எரேமியா வசனப்படி ஜெப ஆலயத்தில் அரச குடும்பத்துக்காக வேண்டுகிறார்கள். 2023 முடிசூட்டு விழா சனிக்கிழமை வந்ததால், ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாது என்று தலைமை ரபி முந்தின இரவே செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் விருந்தாளியாகத் தங்கி, காலையில் நடந்து போனார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

செம்மண் (சிவகங்கை)

அதே விழாவில் இந்துப் பிரதமர் ரிஷி சுனக் கொலோசெயர் நிருபம் வாசித்தார். ஒரு சீக்கியப் பிரபு கையுறை கொடுத்தார், இந்துப் பிரபு மோதிரம் கொடுத்தார், முஸ்லிம் பிரபு காப்பு கொடுத்தார். எல்லாரையும் மேடையில் நிறுத்திவிட்டு, ராஜா மட்டும் "நான் விசுவாசமுள்ள புராட்டஸ்டண்ட்" என்று உறுதி சொன்னார். இதற்கு என்ன பெயர்?

கிளாஸ்கோ குமரன்

நாலு பக்கமும் கோபித்துக்கொள்ளாமல் விழா நடத்துவது என்று பெயர் :) மக்கள் அனைவரும் வீட்டிலிருந்தே விசுவாச உறுதி சொல்லுங்கள் என்று முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விருப்பமிருந்தால் சொல்லலாம் என்று தணித்துவிட்டார்கள். எண்ணெய் அபிஷேகம் யாரையும் உறுத்தவில்லை. நம் வாயால் சொல்லச் சொன்னதுதான் உறுத்தியது.

வல்லைவெளி (டொராண்டோ)

குமரன் சரியான இடத்தில் கை வைத்தார். கனடாவில் குடியுரிமை வாங்க அரசருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசம் சொல்ல வேண்டும். மூன்று பேர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஒருவர் ஐரிஷ் குடியரசுவாதி. ஒருவர் ரஸ்தாஃபாரி மதத்தவர், அவருக்கு அது மதக் குற்றம். மூன்றாமவர் இஸ்ரேலில் பிறந்த கணிதப் பேராசிரியர், பிறப்பால் வரும் பதவியே அவருக்கு ஆகாது. 2014இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், உறுதிமொழி ஒரு தனி மனிதருக்கு அல்ல, நம் ஆட்சிமுறைக்கு என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. வேண்டுமானால் பிறகு வெளிப்படையாக மறுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பேராசிரியர் சடங்கு முடிந்த கையோடு மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இதே நாட்டில் முதற்குடி மக்களின் நிலை எதிர்த்திசையில். 1763 அரச பிரகடனமும் ஒப்பந்தங்களும் முடியாட்சியோடு செய்தவை, ஆகவே ஒட்டாவா அரசு ஏமாற்றும்போது முடியாட்சியைத்தான் கேட்போம் என்பது அவர்கள் வாதம். 1979இல் தலைவர்கள் பெருங்கூட்டமாக லண்டனுக்கே போனார்கள். ராணியைச் சந்திக்க அனுமதி கிடைக்கவில்லை.

அரசலாறு (கும்பகோணம்)

ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னதை, 1922 ஒப்பந்தத்தை எதிர்த்த ஐரிஷ் தலைவர் டி வலேரா 1927லேயே செய்து காட்டிவிட்டார். டப்ளின் சபைக்குள் போக உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பைபிளைத் தள்ளி வைத்துவிட்டு, இது வெற்றுச் சடங்கு, நான் எந்த உறுதியும் எடுக்கவில்லை என்றார். ஐந்தாண்டுக்கு முன் அந்த வெற்றுச் சடங்குக்காக எத்தனை உயிர் போனது! ஆட்சிக்கு வந்ததும் 1933இல் அதை ஒழித்தார்.

பொன்னி (பெல்ஃபாஸ்ட்)

நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. இப்போது என் சொந்தச் சந்தேகம். எனக்கும் அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமை விழா வரும். நான் சைவம், ராஜா மேல் அன்பும் இல்லை, பகையும் இல்லை. கத்தோலிக்கத் தோழி "நீ அதைச் சொல்லப் போகிறாயா?" என்று கேட்கிறாள். என்ன செய்வார்கள் இங்கே?

லகன்கரை (பெல்ஃபாஸ்ட்)

இரண்டு வடிவம் உண்டு தங்கச்சி. கடவுள் பெயரால் சத்தியம், அல்லது கடவுளைச் சொல்லாமல் உறுதி கூறல். இந்த இரண்டாவது வழி சும்மா வந்ததல்ல. பாராளுமன்றத்தில் கத்தோலிக்கருக்கு 1829, யூதருக்கு 1858 என்று கதவு திறந்த பிறகும் நாத்திகருக்குத் திறக்கவில்லை. 1880இல் வென்ற சார்லஸ் பிராட்லா ஆறு ஆண்டுகள் அலைந்துதான் உட்கார முடிந்தது. அவர் முன்னின்று கொண்டுவந்த 1888 சட்டம்தான் கடவுளைச் சொல்லாமல் உறுதி கூறும் வழியை எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஆனால் எந்த வடிவத்திலும் ராஜா பெயர் வரும். கடவுளை விடலாம், ராஜாவை விட முடியாது.

உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள்: ராஜா வேண்டாம் என்னும் ஐரிஷ் குடியரசுக் கட்சியான சின் ஃபெயினின் மிஷெல் ஓ'நீல் 2023 முடிசூட்டு விழாவுக்கே போய் உட்கார்ந்து வந்தார். அவர் கட்சிக்காரர் மார்ட்டின் மெக்கினெஸ் 2012இல் ராணியோடு கை குலுக்கினார். ஆனால் 2024இல் ஜெயித்த அக்கட்சியின் ஏழு எம்.பி.க்களும் வெஸ்ட்மின்ஸ்டரில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறுத்து, இருக்கையையும் எம்.பி. சம்பளத்தையும் விட்டுவிட்டார்கள். நீங்கள் எம்.பி. ஆகப் போவதில்லை, பாஸ்போர்ட்டுக்காகப் போகிறீர்கள். எந்த வடிவம் வேண்டும் என்று விழாவுக்கு முன்பே கேட்பார்கள், அப்போதே சொல்லிவிடுங்கள். கடைசியில் கீதம் போடுவார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பாடுகிறீர்களா என்று யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.